பூட்டுக்குள் ஒரு ஜன்னல்

1

என் மேசையில் ஒரு பித்தளைப் பூட்டு இருக்கிறது. கதவில் பதிக்கிற சிலிண்டர் பூட்டு. அதை வைத்து எந்தக் கதவையும் காப்பாற்ற முடியாது. மில்லிங் மெஷினில் கொடுத்து அதன் ஒரு பக்கச் சுவரை நீளவாக்கில் சீவி எடுத்தாயிற்று. அந்தத் திறப்பு வழியாகப் பார்த்தால் உள்ளே ஐந்து ஜோடிப் பின்களும், அவற்றின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஐந்து குட்டி ஸ்பிரிங்குகளும் தெரியும். சாவியை நுழைத்தால், அதன் பற்கள் மேல் பின்கள் ஏறி இறங்கிக் கடைசியில் ஒரே கோட்டில் வந்து நிற்கும். திருகினால் உள்ளே இருக்கும் உருளை சுற்றும்.

வீட்டுக்கு வருகிற யாரும் இதைத் தொடாமல் போனதில்லை. எடுப்பார்கள், சாவியை விட்டு ஆட்டுவார்கள், இரண்டு தடவை திருகுவார்கள். அப்புறம் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: “அட, இவ்வளவுதானா?”

முதலில் எனக்கு இது பெருமையாக இருந்தது. ஒரு விஷயத்தை இவ்வளவு எளிதாகப் புரியவைக்க முடிகிறதே என்று. போகப்போக அந்த “இவ்வளவுதானா” உறுத்த ஆரம்பித்தது. ஏனென்றால் அது இவ்வளவுதான் இல்லை. பூட்டு பொய் சொல்லவில்லை, நண்பர்களும் தப்பாகப் பார்க்கவில்லை. ஆனாலும் நடுவில் எங்கேயோ ஒரு சின்ன ஏமாற்று நடந்திருக்கிறது. அது எங்கே என்று தேடிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

2

உள்ளே நடப்பது தெரிவதற்காக ஒரு பக்கத்தை வெட்டித் திறந்த பூட்டுகளைக் கட்அவே என்கிறார்கள். பூட்டு விற்கிறவர்கள் வாடிக்கையாளரிடம் காட்ட வைத்திருப்பார்கள். பூட்டுத் தொழில் சொல்லித்தருகிறவர்கள் வகுப்பில் வைத்திருப்பார்கள். மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு: பூட்டின் மேல் பைத்தியமாகி, ராத்திரியெல்லாம் சின்ன மில்லிங் மெஷினோடு உட்கார்ந்து, அரிய பூட்டுகளைத் திறந்து பாலிஷ் போட்டு வைத்துக்கொள்ளும் சேகரிப்பாளர்கள். இதில் மூன்றாவது கூட்டம் செய்வதைத்தான் நான் கலை என்று சொல்வேன். கலை என்று சொல்லிவிட்டால் விமர்சனமும் வந்தாக வேண்டும்.

எதை வைத்து மதிப்பிடுவது? எனக்குக் கைகொடுப்பது நம்முடைய உரை மரபு. கட்அவே என்பது பித்தளையில் எழுதப்பட்ட ஓர் உரை. மூலத்தை விளங்கவைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. உரையில் பல வகை உண்டு. நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டுக்கு உரை எழுதும்போது அடிகளை இடம் பெயர்த்து, எங்கேயோ இருக்கிற சொல்லை இன்னொரு இடத்துச் சொல்லோடு மாட்டிப் பொருள் சொல்வார். கவிதையின் நடையை இது குலைக்கிறது என்று மறைமலையடிகள் கடுமையாக மறுத்தார். இந்த இரண்டு நிலைகளும் பூட்டிலும் இருக்கின்றன. பூட்டை முழுசாகக் கழற்றி, பின் ஒரு பக்கம், ஸ்பிரிங் ஒரு பக்கம், உருளை ஒரு பக்கம் என்று மேசையில் பரப்பிவைப்பது ஒரு வகை. எல்லா உறுப்பும் தெரியும், ஆனால் பூட்டு இருக்காது. எதையும் இடம் மாற்றாமல், மறைக்கிற சுவரில் மட்டும் கைவைப்பது இன்னொரு வகை. கட்அவே இந்த இரண்டாவது கட்சி. உறுப்புகள் அதே இடத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும்.

அதனால் முதல் அளவுகோல் இது: வெட்டிய பிறகும் பூட்டு பூட்ட வேண்டும். சாவி போட்டால் திறக்கணும், தப்பான சாவி போட்டால் திறக்கக் கூடாது. சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. செய்துபார்த்தபோதுதான் தெரிந்தது.

3

என் முதல் பூட்டை வெட்டியது அம்பத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில். மில்லிங் மெஷினில் இருந்த அண்ணன் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கு, எதுக்கு சார் கெடுக்கிறீங்க?” என்றார். உள்ளே பார்க்கணும்னு சொன்னேன். சிரித்துவிட்டு வைஸில் மாட்டினார். நாலு மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டச் சொன்னது நான்தான். அதிகம் தெரிந்தால் அதிகம் புரியும் என்ற எண்ணம். வெட்டி முடித்து, கழற்றிவைத்திருந்த பின்களைத் திரும்பப் போட்டபோது ஒவ்வொன்றும் ஜன்னல் வழியாக வெளியே விழுந்தது. ஒரு ஸ்பிரிங் தெறித்து ஓடியது ஓடியதுதான், இரும்புச் சீவல் குப்பையில் அதை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

கணக்கு ரொம்ப எளிது, நான்தான் போடவில்லை. இந்த வகைப் பூட்டில் ஒரு பின்னின் விட்டம் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஜன்னல் அதைவிட அகலமாக இருந்தால் பின்னைப் பிடித்துவைக்க ஆள் இல்லை. ஜன்னல் பின்னைவிட ஒடுக்கமாக இருந்தால்தான் இரண்டு பக்க உதடும் அதைத் தாங்கும். இரண்டாவது பூட்டில் 2 மில்லிமீட்டர் போட்டோம். அப்புறம் பிசிறு. வெட்டின விளிம்பில் பித்தளை மயிர்மாதிரி எழும்பிக் குழிக்குள் மடங்கி நிற்கும். ஒரு பிசிறு போதும், பின் பாதி வழியில் நின்றுவிடும். அதற்குத்தான் அனுபவமுள்ளவர்கள் வெட்டுவதற்கு முன்னால் பின்களை எடுத்துவிட்டு அந்தக் குழிகளில் பித்தளைக் கம்பியை அடைத்துவிடுகிறார்கள். வெட்டும் உளி காலி இடத்துக்குள் விழுந்து விழுந்து எழாது, பிசிறும் உள்ளே போகாது.

ஆக, எல்லாவற்றையும் காட்டினால் எல்லாமே கொட்டிவிடும். எவ்வளவு சுவரை விட்டுவைக்கிறோம் என்பதில்தான் கட்அவேயின் திறமை இருக்கிறது.

இரண்டாவது அளவுகோல், எந்தப் பக்கம் வெட்டுவது என்பது. ஒவ்வொரு பூட்டும் தனக்கான வெட்டைத் தானே கேட்கிறது. பின் பூட்டைப் பக்கவாட்டில் திறந்தால் கதை முழுக்கத் தெரிந்துவிடும், ஏனென்றால் அதன் கதை மேலும் கீழுமாக நடக்கிறது. திண்டுக்கல் பூட்டு மாதிரி லீவர் பூட்டில் அது செல்லாது. அதில் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு பள்ளம். சரியான சாவி எல்லாத் தகடுகளையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால் பள்ளங்கள் ஒரே நேராக வந்து தாழ்ப்பாளுக்கு வழிவிடும். முன்பக்கத் தகட்டைத் திறந்து காட்டினால் மேலே இருக்கும் முதல் லீவர் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் அதன் நிழலில். நல்ல வெட்டுக்காரர் லீவர்களைப் படிக்கட்டு மாதிரி ஒவ்வொன்றாகக் குறைத்து வெட்டி, அடியில் இருப்பதன் ஓரமும் எட்டிப் பார்க்கும்படி செய்வார்.

இன்னும் கஷ்டம், 1907-இல் பின்லாந்தில் எமில் ஹென்ரிக்சன் வடிவமைத்த அப்லாய் வகைப் பூட்டு. அதில் ஸ்பிரிங் கிடையாது. தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். சாவி ஒவ்வொரு தட்டையும் வெவ்வேறு கோணத்துக்குத் திருப்பும். எல்லாத் தட்டுகளின் விளிம்புப் பள்ளமும் ஒரே வரிசைக்கு வந்தால் ஒரு சின்னக் கட்டை அதற்குள் இறங்கும், பூட்டு சுற்றும். இதைப் பக்கவாட்டில் பாதியாக வெட்டினால் அடுக்கிவைத்த நாணயங்கள் மாதிரி இருக்கும், ஒன்றும் புரியாது. அந்தக் கட்டை இறங்குகிற இடத்தில், அந்த ஒரு கோட்டில் மட்டும் திறக்க வேண்டும். பின் பூட்டில் பழகின கையோடு இதை வெட்டுகிறவர் அழகான, பளபளப்பான, எதுவும் சொல்லாத ஒரு பொருளைச் செய்து முடிப்பார். ஒரே கோட்பாட்டை எல்லா நாவலுக்கும் போட்டுப் பார்க்கும் விமர்சனக் கட்டுரைகளை நாம் படித்ததில்லையா, அதே கதைதான்.

4

“இப்படியெல்லாம் வெட்டிக் காட்டினா திருடன் கத்துக்க மாட்டானா?” இந்தக் கேள்வியும் வரும். இதற்கு லண்டனில் ஒரு பழைய கதை இருக்கிறது.

ஜோசப் பிரமா என்ற பொறியாளர் 1784-இல் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். சாவி ஒரு சின்னக் குழாய். அதன் நுனியில் வெவ்வேறு ஆழத்துக்கு வெட்டிய கீறல்கள், பூட்டுக்குள் வட்டமாக நிற்கும் தகடுகளை ஒவ்வொன்றையும் அதற்கான ஆழத்துக்குத் தள்ளும். 1790 முதல் அவர் நிறுவனம் பிக்கடில்லியில் இருந்த கடையின் கண்ணாடி ஜன்னலில் 18 தகடுகள் கொண்ட ஒரு பூட்டை வைத்திருந்தது. இதைத் திறக்கும் கருவியைச் செய்கிறவருக்கு 200 கினி பரிசு என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. 60 ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பரிசை யாரும் வாங்கவில்லை.

1851-இல் மாபெரும் கண்காட்சிக்காக அமெரிக்காவிலிருந்து ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் லண்டன் வந்தார். முதலில் ஆங்கிலேயர்கள் நம்பியிருந்த சப் நிறுவனத்தின் டிடெக்டர் பூட்டை 25 நிமிடத்தில் திறந்துகாட்டினார். பிறகு பிரமா பூட்டு. 16 நாள்களில் பரவிய 51 மணி நேர வேலை. திறந்துவிட்டார். சண்டை, மறுப்பு எல்லாம் நடந்து கடைசியில் பரிசும் கைக்கு வந்தது. அந்தப் பூட்டு இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிரமா பூட்டை ஜன்னலில் வைத்தார், கட்அவே பூட்டில் ஜன்னலை வைக்கிறது. முன்னதில் ஒருவித கர்வம் இருக்கிறது: பார், ஆனால் உள்ளே வராதே. ஹாப்ஸ் செய்த காரியத்தால் நாடே பதறியது. 1853-இல் சார்லஸ் டாம்லின்சன் ஹாப்ஸின் குறிப்புகளைக் கொண்டு தொகுத்த பூட்டு நூல் இந்தப் பதற்றத்துக்கு நேராகவே பதில் சொல்கிறது. திருடர்கள் தங்கள் தொழிலில் கெட்டிக்காரர்கள், நாம் சொல்லித்தரும் நிலையில் அவர்கள் இல்லை. ஒரு பூட்டின் பலவீனம் தெரியாமல் இருப்பவர் அதைக் காசு கொடுத்து வாங்கும் நல்ல மனிதர் மட்டும்தான் என்பது அதன் வாதத்தின் சாரம். 1883-இல் கெர்க்காஃப்ஸ் ராணுவச் சங்கேதம் பற்றி எழுதியபோதும் இதையே சொன்னார்: முறை எதிரியின் கையில் கிடைத்தாலும் பாதகம் வரக் கூடாது. என் மாதிரி கம்ப்யூட்டர் ஆட்கள் பாதுகாப்புப் பாடத்தில் முதலில் படிப்பது இதைத்தான்.

அதனால் கட்அவேயைத் தார்மீகமாகக் குறைசொல்ல எனக்கு எதுவும் இல்லை. என் புகார் வேறு. அது ரகசியத்தை வெளியே சொல்லிவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டதாக நம்மை நம்பவைக்கிறது, அதுதான்.

5

ஹாப்ஸ் 51 மணி நேரம் என்ன செய்தார்? பிரமா பூட்டின் அமைப்பு காப்புரிமை ஆவணத்திலேயே இருந்தது, ஆகவே அவர் தேடியது அமைப்பை இல்லை. பூட்டின் மேல் லேசான அழுத்தம் கொடுத்து, எந்தத் தகடு மற்றவற்றைவிடக் கொஞ்சம் இறுக்கமாகச் சிக்குகிறது என்று விரலால் தேடினார்.

என் மேசைப் பூட்டும் அப்படித்தான் திறக்கும். சாவித்துளையில் ஒரு சின்னத் தகட்டை வைத்து லேசாகத் திருகிப் பிடித்துக்கொண்டு, கம்பியால் பின்களை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். ஐந்து குழிகளும் ஒரே நேர்கோட்டில் துளைத்தவைதான், வரைபடத்தில். நிஜத்தில் ஒவ்வொன்றும் மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகியிருக்கும். அதனால் திருகும்போது ஐந்து பின்களும் ஒன்றாகச் சிக்காது. முதலில் ஒன்று. அதைத் தூக்கினால் உருளை ஒரு துளி நகரும், அடுத்தது சிக்கும். இப்படி ஐந்தும். எல்லாக் குழியும் துல்லியமாக ஒரே கோட்டில் இருந்தால் பின்களை ஒவ்வொன்றாக ஏமாற்றும் இந்த வித்தையே நடக்காது.

அதாவது, சாவி இல்லாமல் பூட்டைத் திறக்கவைப்பது வடிவமைப்பு இல்லை, வடிவமைப்புக்கும் செய்த பொருளுக்கும் நடுவே இருக்கும் மயிரிழை வித்தியாசம். கட்அவே காட்டாத ஒரே விஷயமும் அதுதான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஐந்து பின்களும் ஒழுங்காக வரிசையில் நிற்கும். எது சிக்கியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். லினஸ் யேல் ஜூனியர் 1860-களில் காப்புரிமை பெற்ற ஒரு யோசனையை அது தெளிவாகக் காட்டுகிறது. என் கையில் இருக்கும் இந்தப் பூட்டை அது காட்டுவதில்லை.

பயிற்சிக்கென்று விற்கிற கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் பூட்டுகள் இந்தக் குறையின் உச்சம். முழுசாக ஊடுருவித் தெரியும். தொளதொளவென்று செய்திருப்பார்கள், இரண்டு நிமிடத்தில் திறந்துவிடும். நானும் அதில் ஒரு வாரம் விளையாடிவிட்டுப் பெரிய ஆள் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பிறகு வீட்டுக் கதவின் பூட்டில் முயன்றபோது மூன்று ராத்திரி ஒரு பின்கூட அசையவில்லை. அத்தனை நாளும் கண்தான் படித்திருந்தது. கை முதல் வகுப்பிலேயே நின்றுகொண்டிருந்தது.

6

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பூட்டு விஷயத்தில் எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் பூட்டு இல்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் நான் வேலை செய்த ஓர் இடத்தில் எங்கள் மென்பொருளின் அமைப்பை ஒரு படமாக வரைந்தேன். பெட்டிகள், அம்புக்குறிகள். புதுசாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் அதைத்தான் காட்டுவார்கள். “இதைப் பார்த்த பிறகுதான் புரிஞ்சுது” என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு ஓர் அம்பு போகும்: பணம் எடுக்கச் சொல்லும் தகவல். பத்து விநாடிக்குள் பதில் வராவிட்டால் அந்தத் தகவல் இன்னொரு தடவை அனுப்பப்படும். அடுத்த பக்கம் முதல் தகவலையும் தாமதமாகச் செய்து முடித்தால் ஒருவர் கணக்கில் இரண்டு தடவை பணம் எடுக்கப்படும். எனக்கு இது தெரியும். படம் அசிங்கமாகிவிடும் என்று அதை விட்டுவிட்டேன்.

சேர்ந்து நாலு மாதமான ஒரு பெண் அந்தப் பத்து விநாடியை மூன்றாகக் குறைத்தார். வேகமாக இருக்கும் என்று. வாரக்கடைசிக் கூட்டத்தில் பதில்கள் தாமதமாயின, நூற்றுக்கணக்கானவர்களிடம் இரட்டைப் பணம் எடுக்கப்பட்டது. திங்கள்கிழமை கூட்டத்தில், “மாத்தறதுக்கு முன்னாடி யோசிக்கலையா?” என்று கேட்டார்கள். அவர் என் படத்தைத் திரையில் போட்டார். “இதுல ஒரே ஒரு அம்புதானே இருக்கு?” என்றார். நியாயமான கேள்வி. அறையில் அதற்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன். நான் பேசவில்லை. மூன்று நாள் கழித்து, படமும் மறதியும் என்னுடையவை என்று எழுதி அனுப்பினேன். அதற்குள் அறிக்கையின் முதல் பத்தியில் அவர் பெயர் ஏறிவிட்டிருந்தது. பிறகு திருத்தினார்கள். ஆனால் முதல் பத்தியைப் படித்தவர்கள் எத்தனை பேர் திருத்தத்தைப் படித்திருப்பார்கள்?

என் படம் ஒரு கட்அவே. நான் சுவரை வெட்டினேன், வெட்டினதைச் சொல்லவில்லை.

7

பொறியியல் முதல் வருஷம் டிராயிங் வகுப்பில் எல்லோரும் அலுத்துக்கொண்டே ஒன்றைச் செய்திருப்போம். ஒரு பொருளை வெட்டினதுபோல் வரைந்தால், வெட்டுப்பட்ட முகத்தில் 45 டிகிரியில் மெல்லிய கோடுகள் போட வேண்டும். இடைவெளி ஒரே சீராக. கழுத்து வலிக்கும். அலங்காரம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அது ஒரு வாக்குமூலம்: இந்த முகம் பொருளில் கிடையாது, நான் வெட்டினதால் உண்டானது. அதே வகுப்பில் இன்னொரு விதியும் உண்டு. வெட்டுத்தளம் நீளவாக்கில் போனாலும் தண்டு, போல்ட், பின் போன்றவற்றை வெட்டினதாகக் காட்டக் கூடாது. சிலவற்றை வெட்டினால் விளக்கத்தைவிடக் குழப்பம்தான் மிஞ்சும் என்பது அந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அருங்காட்சியகங்களில் வெட்டிவைத்த எஞ்சின்களைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கலாம், வெட்டிய விளிம்புகளில் சிவப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள். டிராயிங் வகுப்பின் கோடுகளுக்கு உலோகத்தில் அதுதான் ஈடு. சேகரிப்பாளர்கள் செய்யும் மிக அழகான கட்அவேக்கள் பலவற்றில் எனக்குக் குறையாகப் படுவது இந்தச் சிவப்பு இல்லாததுதான். வெட்டிய முகத்தையும் மூல முகத்தையும் ஒரே மாதிரி பாலிஷ் போட்டுக் கண்ணாடியாக்கிவிடுகிறார்கள். பொருள் அப்படியே பிறந்தது மாதிரி இருக்கும். கண்ணுக்கு விருந்து. ஆனால் எது பூட்டு, எது வெட்டினவரின் முடிவு என்று பிரிக்க முடியாது. நச்சினார்க்கினியரையே எடுத்துக்கொள்ளலாம். சொற்களை எங்கிருந்து எங்கே மாட்டினார் என்பது உரையிலேயே தெரிவதால்தான் மறைமலையடிகளால் அவரோடு சண்டை போட முடிந்தது.

கட்அவே மயிரிழைப் பிழையைக் காட்ட முடியாது. அதற்காக அதைக் குறைசொல்வது நியாயமில்லை, எந்த உரையும் மூலத்தின் எல்லாவற்றையும் காட்டிவிடாது. இங்கே ஒரு சுவர் இருந்தது, அதை நான் எடுத்தேன் என்று சொல்லலாம். அந்த ஒரு வரி போதும், பார்க்கிறவர் “இவ்வளவுதானா” என்பதற்கு முன்னால் ஒரு நொடி நிற்பார்.

போன மாதம் என் பூட்டின் விளிம்புகளுக்குச் சிவப்பு நெயில் பாலிஷ் அடித்தேன். கை நடுங்கி இரண்டு இடத்தில் வழிந்துவிட்டது, பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. வருகிறவர்கள் இப்போது முதலில், “இது என்ன செவப்பு?” என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். அதற்கப்புறம்தான் சாவியைக் கையில் எடுக்கிறார்கள்.

பக்கத்தில் தாத்தா வீட்டுப் பெட்டியிலிருந்து கொண்டுவந்த ஒரு திண்டுக்கல் பூட்டும் இருக்கிறது. சாவி இருக்கிறது, நன்றாகவே பூட்டுகிறது. அம்பத்தூர் அண்ணன் இரண்டு தடவை போனில் கேட்டுவிட்டார். எங்கே வெட்டுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.